மீன் தூங்காது என்று சொன்னேன், திருத்திக்கொள்ளுங்கள்



போன வாரம் ஆவடியில் என் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தேன். கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறான். கொளத்தூரில் வாங்கிய கோமாளி மீன் ஜோடி. பிள்ளைகள் ‘நீமோ’ என்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கும் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இதை எப்போப்பா அணைப்பே?” என்றேன்.

“எதுக்கு பெரியம்மா? மீனுக்கு இமை இல்ல, அதனால தூங்காதுன்னு அஞ்சாம் வகுப்புல நீங்கதானே சொன்னீங்க!”

சுருக்கென்றது. அம்பத்தூரில் என்னிடம் படித்த உங்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இந்தப் பதிவு.

1853-இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் உயிரியல் பூங்காவில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தார்கள். செடி வளர்க்கும் கண்ணாடி வீடு போன்ற கட்டடம் அது. தொட்டியில் வெயில் அதிகம் பட்டால் நீர் சூடேறும், பாசி படியும். அடுத்த சில ஆண்டுகளில் வழி கண்டார்கள். கடலில் வெளிச்சம் மேலிருந்துதானே இறங்குகிறது? தொட்டிக்கும் அப்படியே விட்டு, பார்ப்பவர் நிற்கும் இடத்தை இருட்டாக்கினார்கள். 1864-இல் ஹாம்பர்க்கில் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் அமைத்த காட்சியகம் இந்த வகையில் பேர் பெற்றது.

நம் மதராஸுக்கு அது 1909-இல் வந்தது. மக்கள் ‘செத்த காலேஜ்’ என்றழைத்த எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை. மெரினா கடற்கரையில் அமைந்த அதுவே இந்தியாவின் முதல் மீன் காட்சியகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள்.

பிறகு வீட்டுக்கு வீடு மின்விளக்கு வந்தது. தொட்டிக்குள் பொழுது சாய்வதே நின்றுபோனது.

மீன் தூங்கும், பிள்ளைகளே. கிளிமீன்களில் சில வகை, இரவில் தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு உறை கட்டிக்கொண்டு உறங்கும். சில மீன்கள் மணலில் புதைந்துகொள்ளும். கோமாளி மீன் கடல் அனிமோனுக்குள் ஒடுங்கும். நீல விளக்கு நமக்கு நிலவொளி மாதிரி. மீனுக்கு அப்படி இல்லை. கடல் நீரில் சிவப்பு ஒளி சில மீட்டரிலேயே மங்கிவிடும், நீலம்தான் ஆழம்வரை போகும். ஆகவே பளிச்சென்ற நீலம் அதற்குப் பகல்தான். இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டாலும் மிரண்டு கண்ணாடியில் மோதும்.

இன்னொன்று. கோமாளி மீன் முட்டை, பொழுது சாய்ந்த பிறகு இருட்டில்தான் பொரிக்கும். இரவிலும் விளக்கு எரிந்த தொட்டிகளில் ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை என்று 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். விளக்கை நிறுத்தியதும் முட்டைகள் பொரித்தன.

இதைச் சொன்னதும் தங்கை மகன் முகம் வாடிவிட்டது. அவன் ஜோடி இரண்டு முறை முட்டையிட்டதாம், ஒன்றும் பொரிக்கவில்லையாம். விளக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளக்கை எரியவிட்டது என் பாடம்தான்.

மறுநாளே டைமர் வாங்கி மாட்டிவிட்டான். இரவு எட்டரைக்குத் தொட்டி இருண்டுவிடும்.

நீங்களும் பழைய நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: பெரும்பாலான மீன்களுக்கு இமை இல்லை; ஆனால் மீன் தூங்கும். விளக்கை நாம்தான் அணைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்