புதைவண்டுகள்: அறிவியல் பெயர்களின் வரலாறு

புதைவண்டுகள் நிக்ரோஃபோரஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. செத்த எலி, குருவி போன்றவற்றை ஆணும் பெண்ணுமாக மண்ணுக்குள் இறக்கி, மயிரையும் இறகையும் களைந்து உருண்டையாக்கித் தம் புழுக்களுக்கு உணவாக வைக்கும். இன்று ஏற்கப்படும் இனங்கள் ஏறத்தாழ 70. சூட்டப்பட்ட பெயர்களோ அதற்குப் பல மடங்கு.

லின்னேயஸ் 1758இல் இவற்றைத் தனியே பிரிக்காமல், பிணந்தின்னும் பிற வண்டுகளுடன் சில்ஃபா என்ற பேரினத்தில் சேர்த்தார். அவர் வைத்த பெயர்களில் வெஸ்பில்லோ, ஜெர்மானிக்கா இரண்டும் இன்றும் வழக்கில் உள்ளன. ஏழைகளின் பிணத்தை அந்தியில் சுமந்து செல்பவரை ரோமானியர் வெஸ்பில்லோ என்றனர். பின்வந்தவர்களும் அந்தப் போக்கையே பிடித்துக்கொண்டனர்: ஹியூமேட்டர் புதைப்பவர், டெஃபோடியன்ஸ் தோண்டிப் புதைப்பது, போலிங்க்டர் பிணத்தைக் கழுவி ஒழுங்கு செய்பவர். விலங்கியலில் இவ்வளவு ஒழுங்காக ஒரே தொழிலைச் சுற்றி வந்த பெயர்வரிசை அரிது.

அக்காலப் பதிவுகளில் மிக விரிவானது பெர்லின் தாவரவியலாளர் கிளெடிட்ஷ் 1752இல் வெளியிட்டது. தோட்டத்தில் போட்ட அகழெலிகளின் உடல்கள் காணாமற்போவதைக் கண்ட அவர், ஒன்றைப் பாத்தியில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை அது மூன்று அங்குல ஆழத்தில் கிடந்தது. அடியில் நான்கு வண்டுகள். அவற்றைப் பாதி மண் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் அடைத்தார். 50 நாட்களில் அந்த நான்கும் 4 தவளை, 3 சிறு பறவை, 2 மீன், 1 அகழெலி, 2 வெட்டுக்கிளி ஆகியவற்றையும், மீன் குடலையும், மாட்டு நுரையீரலின் இரு துண்டுகளையும் புதைத்து முடித்தன. பின்வந்த நூல்கள் அவற்றை வெஸ்பில்லோ என்று கொண்டன, உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஹியூமேட்டர் இனத்தின் ஆசிரியராக, 1767ஆம் ஆண்டைக் குறித்து, கிளெடிட்ஷையே பலர் காட்டுகின்றனர். ஒலிவியே, 1790 என்போரும் உண்டு.

ஃபாப்ரீசியஸ் 1775இல் இவற்றுக்கெனத் தனிப் பேரினம் வகுத்து நிக்ரோஃபோரஸ் என எழுதினார். கிரேக்க மூலத்துக்கு அது பொருந்தவில்லை என்று துன்பெர்க் 1789இல் நெக்ரோஃபோரஸ் எனத் திருத்தினார். முதலில் வந்தது அச்சுப் பிழையா, ஆசிரியரின் விருப்பமா என்பதில் முடிவு கூறுவது கடினம். திருத்தமே நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பெயரிடல் விதிகளின்படி மூல எழுத்து மீண்டது. வகைமாதிரி இனமாக வெஸ்பில்லோவை லத்ரேய் 1810இல் குறித்தார்.

19ஆம் நூற்றாண்டில் சேகரிப்புகள் பெருகின: சே 1825இல் வட அமெரிக்க ஆர்பிகாலிஸையும், ஹோப் 1831இல் நேபாலென்சிஸையும் விவரித்தனர். சிறகுறையின் ஆரஞ்சுப் பட்டைகள் ஒரே இனத்திலும் அகன்றும் ஒடுங்கியும் துண்டுபட்டும் மாறுவதால், மாறுபாடு ஒவ்வொன்றுக்கும் பெயர் விழுந்தது. இன்வெஸ்டிகேட்டர் ஒன்றே மாரிட்டிமஸ், ருஸ்பேட்டர், மெல்ஷைமெரி, போலிங்க்டர் எனப் பல பெயர்களில் விவரிக்கப்பட்டது. உணர்கொம்பின் நுனிக்குமிழ் கறுப்பா, ஆரஞ்சா என்பது பட்டைகளைவிட நம்பத்தக்க அடையாளம். வெஸ்பில்லாய்டிஸ் இனத்தில் அது முழுக்கக் கறுப்பு.

போர்ட்டவாவின் 1926ஆம் ஆண்டுத் தொகுப்பும், ஹாட்சின் 1928ஆம் ஆண்டு அட்டவணையும் இக்குவியலை ஒருவாறு அடுக்கின. செமெனோவ்-தியான்-ஷான்ஸ்கி 1933இல் பேரினத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தார், அப்பிரிவு நிலைக்கவில்லை.

ஹாட்சுக்குப் பின் முதல் உலக அட்டவணை 2002இல்தான் வந்தது. சைக்ஸ், மேட்ஜ், நியூட்டன் மூவரும் தொகுத்த அந்த நூல் 304 பக்கம். வெஸ்பில்லாய்டிஸின் இணைப்பெயராகக் கிடந்த ஹீபிஸை 2016இல் சைக்ஸ், டிரம்போ, பெக் ஆகியோர் தனி இனமாக மீட்டனர். 2024இல் புதைவண்டுகள் அடங்கிய சில்ஃபிடே குடும்பமே ஸ்டாஃபிலினிடே குடும்பத்தின் துணைக்குடும்பமாக இறக்கப்பட்டது. பழைய குடும்பப் பெயரையே தொடர்பவர்களும் உள்ளனர். பேரின, இனப் பெயர்களில் இதனால் மாற்றமில்லை.