இரவல் மெட்டும் எஞ்சிய பாதரசமும்

பழைய மெட்டில் புதுச்சொல் பொருத்துவது நம் மரபு; விடுதலைப் போராட்டக் காலப் பாட்டுப் புத்தகங்கள் பலவும் நாடக மெட்டுகளை இரவல் பெற்றவையே. 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் வெளியிட்ட ‘கொடைக்கானல் வோன்ட்’ என்னும் ராப் பாடலையும் அவ்வரிசையில் வைக்கலாம். இடுக்கி எல்லையை ஒட்டிய கொடைக்கானலில், 2001-இல் மூடப்பட்ட யூனிலீவர் வெப்பமானி ஆலை விட்டுச்சென்ற பாதரசக் கழிவே அதன் பொருள். மெட்டு, நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’. அதுவும் 1992-ஆம் ஆண்டுப் பாடலொன்றை எடுத்தாண்டதே. தெரிந்த மெட்டு, தெரியாத செய்தியை உலகெங்கும் கொண்டுசென்றது.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. மண்ணின் நச்சு நீங்கவில்லை. கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்ற தூய்மை வரம்பு எதிர்ப்புக்குள்ளானது. 2018-இல் டி.எம். கிருஷ்ணா, அம்ரித் ராவ் ஆகியோருடன் சோஃபியா மீண்டும் பாடினார்: ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’. தலைப்பில் கூடிய ஒரே சொல்லுக்குத் தமிழில் ‘இன்னும்’ என்று பொருள். மறுபாடல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அச்சொல்லே சான்று.