மூளையின் நடுவே ஒரு கட்டி: மருத்துவம் கடந்து வந்த வழி

மனித மூளையின் நட்டநடுவில், ஏறத்தாழ ஒரு நெல்மணி அளவில், ஓர் உறுப்பு உண்டு. பைன் மரத்துக் காயின் வடிவை ஒத்திருத்தலால் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் அதற்கு அக்காயின் பெயரையே சூட்டினர். தமிழில் கூம்புச் சுரப்பி என்றும் மருத்துவ வழக்கில் பினியல் சுரப்பி என்றும் அது வழங்கும். இச்சுரப்பியிலும் அதன் அண்டையிலும் தோன்றும் கட்டிகள் மிக அரியவை. ஆயினும் அவற்றைக் கண்டறியவும் நீக்கவும் மருத்துவ உலகம் பட்ட பாடு சிறிதன்று. அறுப்பதற்கு முன் அறிய வேண்டும் என்னும் பாடத்தைக் கற்க அறுவை மருத்துவத்திற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அப்பாடத்திற்கு விலை கொடுத்தவர்களுள் சிறுவர்கள் பலர்.

நெடுங்காலம் இவ்வுறுப்பின் பணி இன்னதென்று எவருக்கும் தெரியவில்லை. மூளையின் பிற பகுதிகள் பெரும்பாலும் இணை இணையாக இருக்க, இது மட்டும் தனித்திருப்பதைக் கண்ட பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட், இதுவே ஆன்மாவின் இருக்கை என 1649-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நெற்றிக்கண்ணோடு இதனை ஒப்பிட்டுப் பேசியோரும் உண்டு. 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழுவினர் இச்சுரப்பியிலிருந்து மெலடோனின் என்னும் சுரப்புநீரைப் பிரித்தெடுத்தனர். இருள் சூழும்போது சுரந்து, உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்த உதவுவது அது. கற்பனைகள் கலைந்து உண்மை தெளிய முந்நூறு ஆண்டுகள் கடந்தன.

சுரப்பியின் பணி தெரியாத காலத்திலேயே அதன் நோய் தன் அடையாளங்களைக் காட்டிவிட்டது. மூளையின் உள்ளறைகளில் ஊறும் நீர் கீழிறங்கிச் செல்லும் ஒடுங்கிய கால்வாய், இச்சுரப்பியின் அருகிலேயே உள்ளது. கட்டி வளர்ந்து அக்கால்வாயை நெரித்தால் நீர் தேங்கும். மூளைக்குள் அழுத்தம் மிகும். காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், தள்ளாடும் நடை ஆகியன அதன் விளைவுகள். கட்டி நடுமூளையை அழுத்தினால் நோயாளியால் கண்களை மேல்நோக்கி உயர்த்த இயலாது. பாரிஸ் நகரின் கண் மருத்துவர் ஆன்ரி பரினோ 1883-இல் விளக்கிய இக்குறி இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1898-இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் ஓட்டோ ஹாய்ப்னர் மற்றொரு வியப்பைப் பதிவு செய்தார். ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் பருவமெய்தியவன் போன்ற உடற்கூறுகளைப் பெற்றிருந்தான்; அவன் மூளையில் இவ்விடத்தில் கட்டி இருந்தது.

அடையாளம் தெரிந்தும் கட்டியை அடைவது எளிதாக இல்லை. எப்பக்கம் சென்றாலும் மூளையைக் கடந்தே செல்ல வேண்டும். சுற்றிலும் உயிருக்கு இன்றியமையாத பெருஞ்சிரைகள் உள்ளன. 1913-இல் பெர்லின் நகரின் ஃபெடோர் கிராஸே, பின்தலையைத் திறந்து சிறுமூளையின் மேற்புறமாகச் சென்று ஒரு சிறுவனின் கட்டியை வெற்றியுடன் அகற்றினார். அமெரிக்காவின் வால்ட்டர் டேண்டி, மூளையின் இரு பாதிகளுக்கும் இடையே புகும் வழியை 1921-இல் வெளியிட்டார். மூளை அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறையை 1918-இல் வகுத்தவரும் அவரே. எனினும் அறுவை மேசையிலும் அதன் பின்னரும் மாண்டவர் பலர். வழி காண்பதில் மேதைகளாக விளங்கிய அவர்களிடம், போதிய வெளிச்சமும் உருப்பெருக்கியும் அக்காலத்தில் இல்லை.

ஆகவே மருத்துவர்கள் பின்வாங்கினர். நார்வே நாட்டின் ஆர்னே டார்க்கில்ட்சன், தேங்கிய நீரை ஒரு குழாய் வழியே தலையின் பின்புறத்திற்குத் திருப்பிவிடும் முறையை 1939-இல் வெளியிட்டார். கட்டியைத் தொடாமல் நீரை மட்டும் வடித்துவிட்டுக் கதிர்வீச்சு அளிப்பதே பல நாடுகளில் வழக்கமாயிற்று. அதனால் பலர் பிழைத்தனர் என்பது உண்மை. ஆனால் இன்ன கட்டி என்று அறியாமலே கதிர்வீச்சு அளிக்கப்பட்டது என்பதும் உண்மையே. கதிர்வீச்சுக்குக் கரையாத கட்டியுடைய குழந்தைகளும் அதனைப் பெற்றனர். வளரும் மூளையின் கற்கும் ஆற்றலை அது குன்றச் செய்தது.

இக்காலத்தில்தான் தமிழ் மண்ணிலும் மூளை அறுவை மருத்துவம் வேரூன்றியது. மாண்ட்ரீல் நகரில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950-இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி தொடங்கினார். மலேசியாவில் 1963-இல் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் இத்துறைக்கு வித்திட்டவர் டாக்டர் ஆறுமுகசாமி. பின்னாளில் துங்கு அப்துல் ரஹ்மான் பெயரால் நரம்பியல் நிலையமும் அங்கு அமைந்தது. தோட்டப்புறத்தில் ‘டிரெசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளரே முதலும் முடிவுமாக இருந்த காலத்தில், தலைநகரில் மூளையைத் திறந்து பார்க்க வல்ல ஒரு துறை பிறந்தது சிறிய செய்தியன்று.

1971-ஆம் ஆண்டு இக்கதையின் திருப்புமுனை. அமெரிக்காவின் பென்னட் ஸ்டைன், கிராஸே சென்ற அதே பழைய வழியில் அறுவை நுண்ணோக்கியைத் துணைக்கொண்டு சென்று, அவ்வழி பாதுகாப்பானதே என அவ்வாண்டில் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதன்பின் வந்த எம்.ஆர்.ஐ. படங்கள் கட்டியின் எல்லையைத் துல்லியமாகக் காட்டின. தீங்கற்ற நீர்ப்பைகள் பலருக்கு இச்சுரப்பியில் இருப்பதும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவமே தேவையில்லை என்பதும் தெரியவந்தன.

இவ்விடத்தில் தோன்றுவன ஒரே இனத்துக் கட்டிகள் அல்ல என்பதே பெரிய தெளிவு. கரு வளரும்போது வழிதவறித் தங்கிய உயிரணுக்களிலிருந்து சில தோன்றுகின்றன. அவற்றுள் தலையாயது ஜெர்மினோமா. சிறுவர்க்கும் இளைஞர்க்குமே அது மிகுதியாக வரும். ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளில் அதிகம் காணப்படும். கதிர்வீச்சுக்கு அது பனிபோல் கரையும். உரிய மருத்துவம் பெற்றவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கின்றனர். கத்தி கொண்டு முழுவதும் அகற்ற வேண்டியதே இல்லை. முதிர்ந்த டெரட்டோமாவுக்கோ அறுவையே மருந்து. சிறு குழந்தைகளைத் தாக்கும் பினியோபிளாஸ்டோமா கொடியது. அதற்கு அறுவை, கதிர்வீச்சு, மருந்து எனப் பலமுனைப் போர் வேண்டும். சில கட்டிகள் இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் தனிப் பொருள்களைச் சுரந்து தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. ஹாய்ப்னர் கண்ட சிறுவனைப் போன்றோரின் புதிருக்கு விடையும் இங்கே கிடைத்தது: அப்பொருள்களுள் ஒன்று ஆண்பிள்ளைகளின் பருவத்தை முன்கூட்டியே தூண்டிவிட வல்லது.

இன்று மண்டையில் சிறு துளையிட்டு உள்நோக்கியைச் செலுத்தி, தேங்கிய நீருக்குப் புதுவழி திறக்கின்றனர். நோயாளியின் நிலை இடந்தந்தால் அதே வேளையில் கட்டியின் ஒரு துணுக்கையும் எடுக்கின்றனர். அதன் இனம் தெரிந்த பின்னரே மேல்நடவடிக்கை. கிராஸே காலத்தில் வழி எது என்பதே முதற்கேள்வி. இன்று இது எது என்பதே முதற்கேள்வி.

ஒருகாலத்தில் தோட்டங்களாக இருந்து, 1978-இல் சிலாங்கூரின் தலைநகராக உயர்ந்த ஷா ஆலமில் 2015-இல் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. மூளை அறுவை மருத்துவம் உள்ள கோலாலம்பூருக்கும் சுங்கை பூலோவுக்கும் இங்கிருந்து செல்வது எளிது. தொலைவு இப்போது தடையன்று, தாமதமே தடை. காலைதோறும் தலைவலித்து வாந்தியெடுக்கும் பிள்ளையைப் பள்ளிக்குச் செல்ல மறுக்கும் சோம்பேறி என்பதும், மந்திரித்துத் திருநீறிட்டால் போதும் என்று நாள் கடத்துவதும் இன்னும் முற்றாக மறையவில்லை. திருநீறு இடுவதில் குற்றமில்லை. இட்ட கையோடு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை உயர்த்தாமல் தலையையே பின்னுக்குச் சாய்க்கும் மாணவனை முதலில் காணக்கூடியவர் ஆசிரியர். பரினோ 1883-இல் சொன்ன குறியைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை. அதனைக் கண்ட அன்றே பெற்றோரை அழைத்துச் சொல்லிவிட்டால், நூறாண்டுக் கால மருத்துவ அறிவு அப்பிள்ளைக்கு உரிய வேளையில் பயன்படும்.