அடகுக் கடைகளில் சேகரிப்புப் பொருட்களின் மதிப்பீடு

அடகுக் கடைகளில் சேகரிப்புப் பொருட்களின் மதிப்பீடு என்பது பழைய நாணயங்கள், விளையாட்டு வீரர் அட்டைகள், வரைகதை இதழ்கள், கையெழுத்திட்ட நினைவுப் பொருட்கள் முதலியவற்றை அடகாக ஏற்கும்போதோ விலைக்கு வாங்கும்போதோ கடைக்காரர் அவற்றின் விலையைக் கணிக்கும் முறையையும், அதைத் தொடர்ந்து நடைபெறும் பேரத்தையும் குறிக்கும். இவ்வணிகம் ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ளது. இக்கட்டுரை அந்நாட்டு நடைமுறையை விளக்குகிறது.

தங்க நகையை மதிப்பிடுவது ஒப்பீட்டளவில் எளிது. மாற்றுப் பார்த்து, எடை போட்டு, அன்றைய விலையால் பெருக்கினால் போதும். சேகரிப்புப் பொருட்களுக்கு இத்தகைய பொது அளவுகோல் இல்லை. ஒரே வீரரின் பெயர் எழுதப்பட்ட இரு பந்துகளில் ஒன்று ஆயிரக்கணக்கான டாலர் பெறலாம். மற்றொன்று வெறும் பழைய பந்தாக மட்டுமே இருக்கலாம். எனவே, விற்பவரும் கடைக்காரரும் பொருளைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதே இங்கு விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

அடகும் விற்பனையும்

கடைக்கு வருபவர் பொருளை அடகு வைக்கலாம் அல்லது விற்றுவிடலாம். அடகு வைத்தால் கடன் தொகையும் அடகுச் சீட்டும் தரப்படும். குறித்த காலத்துக்குள் அசலையும் வட்டியையும் செலுத்திப் பொருளை மீட்கலாம். மீட்காவிட்டால் பொருள் கடைக்கு உரியதாகும்; ஆயினும் கடன் பெற்றவர் அதற்கு மேல் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. வட்டி வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க் மாநிலத்தில் இது மாதத்துக்கு 4 விழுக்காடு ஆகும். ஆண்டு வட்டி வீதத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்னும் 1968 ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் அடகுக் கடன்களுக்கும் பொருந்தும்.

அடகுத் தொகை பொதுவாக வாங்கும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். தவணைக் காலத்தில் பொருளின் சந்தை விலை சரிந்தால் அந்த இழப்பு கடைக்காரரைச் சேரும் என்பது இதற்கு ஒரு காரணம். பொருளை மீட்க எண்ணுபவருக்குப் பெருந்தொகையைப் பேசிப் பெறுவது எப்போதும் நன்மை தருவதில்லை. கடன் கூடக் கூட வட்டியும் கூடி, மீட்பது கடினமாகிறது.

மதிப்பைத் தீர்மானிக்கும் காரணிகள்

உண்மைத்தன்மை: பொருள் அசலா, மறுபதிப்பா, போலியா என்பதே முதல் கேள்வி.

நிலை: மடிப்பு, கீறல், மங்கல், பழுதுபார்த்த அடையாளம் ஆகியவை விலையைக் குறைக்கும். பழைய நாணயங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவற்றின் மதிப்பைக் குறைக்கும் பொதுவான தவறுகளில் ஒன்று.

அருமை: எத்தனை படிகள் உருவாக்கப்பட்டன என்பதைவிட எத்தனை எஞ்சியுள்ளன என்பதே முக்கியம்.

தேவை: அரிய பொருளாயினும் அதை விரும்புவோர் இல்லையெனில் விலை இல்லை.

உரிமை வரலாறு: பொருள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைக் காட்டும் கடிதம், ஒளிப்படம், பற்றுச்சீட்டு போன்றவை.

அடிப்படை மதிப்பு: பொருளில் உள்ள தங்கம் அல்லது வெள்ளியின் விலை.

இக்காரணிகளில் பலவற்றை மோர்கன் வெள்ளி டாலரில் காணலாம். 1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921 இலும் அச்சிடப்பட்ட இந்நாணயம் 26.73 கிராம் எடை கொண்டது; அதில் 90 விழுக்காடு வெள்ளி. ஆகவே மிகவும் தேய்ந்த நாணயத்துக்கும் வெள்ளியின் விலையை ஒட்டிய ஒரு மதிப்பு உண்டு. ஆனால் 1893 இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் 1,00,000 நாணயங்கள் மட்டுமே அச்சிடப்பட்டதால் அவை பன்மடங்கு விலை பெறுகின்றன. இதனால் வேறு நாணயச்சாலையின் நாணயத்தில் ‘எஸ்’ குறியை ஒட்டி ஏமாற்றுவதும் உண்டு. கடைக்காரர் உருப்பெருக்கியால் முதலில் உற்றுநோக்கும் இடங்களில் இக்குறியும் ஒன்று.

பழமை மட்டும் மதிப்பைத் தந்துவிடாது. மிக்கி மேன்டில் என்னும் பேஸ்பால் வீரரின் 1952 ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022 ஆகத்து மாதம் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. மாறாக, 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அளவுக்கு மிஞ்சி அச்சிடப்பட்ட அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று விலையே இல்லை எனலாம். பிற்காலத்தில் உதவும் என்று அவற்றைப் பலர் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்தனர். எல்லோரும் சேர்த்து வைத்ததே அவை அரியவை ஆகாமைக்குக் காரணமாயிற்று.

தரப்படுத்தல்

நிலையைப் பற்றிய சச்சரவைக் குறைக்கத் தனியார் தரப்படுத்தும் நிறுவனங்கள் தோன்றின. வில்லியம் செல்டன் 1949 இல் நாணயங்களுக்கு 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். 1986 முதல் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் இதைத் தழுவி நாணயங்களைத் தரப்படுத்துகிறது. விளையாட்டு அட்டைகளுக்கு 1991 இலும் (பி.எஸ்.ஏ.), வரைகதை இதழ்களுக்கு 2000 இலும் (சி.ஜி.சி.) இத்தகைய நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. பொருளைத் தரமிட்டு நெகிழி உறையில் மூடி முத்திரையிட்டுத் தருவது இவற்றின் பணி. தரமிடாத பொருளைக் கொண்டுவருபவருக்குக் கடைக்காரர் குறைவாகக் கொடுப்பார். தரமிடும் கட்டணமும், எதிர்பார்த்த தரம் கிடைக்காமல் போகும் இடரும் அவரைச் சேர்கின்றன.

போலிகளும் சட்டத் தடைகளும்

1973 ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாணயங்களின் போலிப்படிகளில் அவை படிகளே என்னும் சொல் பொறிக்கப்பட வேண்டும். கையெழுத்துகளில் ஏமாற்று மிகுதி. 1990களில் எஃப்.பி.ஐ. எனப்படும் நடுவண் புலனாய்வுச் செயலகம் நடத்திய ‘ஆபரேசன் புல்பென்’ நடவடிக்கை, விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகளைப் போலியாக எழுதி விற்ற கும்பல்களை வெளிப்படுத்தியது. உறுதிச் சான்றிதழையும் போலியாக அச்சிடலாம் என்பதால், அதை வழங்கியவர் யார் என்பதையே கடைக்காரர் பார்ப்பார்.

அசல் பொருளாக இருந்தும் வாங்க இயலாதவையும் உண்டு. அமெரிக்கப் படைத்துறையின் மிக உயர்ந்த விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ பதக்கத்தை விற்பது குற்றமாகும். கழுகு இறகுகள் கொண்ட தொல்குடித் தலையணிகளை விற்பதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. ஆஸ்கார் விருதை 1950 க்குப் பின் பெற்றவர்கள், அதை விற்கும் முன் 1 டாலருக்கு அகாதமிக்கே தர முன்வர வேண்டும் என்பது உடன்பாடு. மேலும், விற்பவரின் அடையாளத்தைப் பதிவு செய்து காவல்துறைக்குத் தெரிவிப்பது கடைகளின் வழக்கமான கடமையாகும். திருட்டுப் பொருள் எனத் தெரிந்தால் கடைக்காரர் பொருளையும் பணத்தையும் ஒருங்கே இழக்க நேரலாம்.

விலைக் கணக்கு

கடைக்காரர் விலைப்பட்டியலில் உள்ள தொகையிலிருந்து அல்லாமல், தாம் விற்கும்போது கையில் எஞ்சும் தொகையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். எடுத்துக்காட்டாக, ஏலங்களில் 1,000 டாலர் பெறும் ஓர் அட்டையைக் கொள்வோம். ஏலக் கழிவு 130 டாலர், தரமிடும் கட்டணம் 30 டாலர், அனுப்பும் செலவு 20 டாலர் எனில் எஞ்சுவது 820 டாலர். கடை வாடகை, பொருள் விலைபோகும் வரை முடங்கும் பணம், போலியாக இருக்கும் இடர், இலாபம் ஆகியவற்றைக் கழித்து அவர் 500 டாலர் தர முன்வரலாம். அடகாயின் 300 டாலர் மட்டுமே தரலாம். மாதம் 4 விழுக்காடு வட்டியில் 300 டாலருக்கு நான்கு மாத வட்டி 48 டாலர் ஆகும். 1,000 டாலரை மனத்தில் கொண்டு வந்தவருக்கு 500 டாலர் ஏமாற்றாகத் தோன்றுவதும், கடைக்காரருக்கு அது நியாயமாகத் தோன்றுவதும் இவ்வேறுபாட்டாலேயே ஆகும்.

பேரம்

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கடைக்காரர் முதலில் கேட்பது வழக்கம். விற்பவர் மிகக் குறைத்துச் சொன்னால் அதுவே உச்ச விலையாகிவிடும். முதலில் சொல்லப்படும் எண் பின்வரும் கணிப்புகளைத் தன்பக்கம் இழுக்கும் என்பதை ஆமோசு டிவெர்சுகி, தானியேல் கானமன் ஆகியோர் 1974 இல் விளக்கினர். அதன்பின் கடைக்காரர் குறைகளைச் சுட்டுவார். விற்பவர் அருமையை எடுத்துரைப்பார். ஐயம் மிகுந்தால் வெளி வல்லுநர் ஒருவரை அழைப்பதும் உண்டு. உடன்படாதபோது எழுந்து செல்லும் துணிவே இரு தரப்பினருக்கும் உள்ள வலிமையான கருவி. ஆனால் அன்றே பணம் தேவைப்படுபவரிடம் இக்கருவி இருப்பதில்லை.

தரம் பற்றிய அறிவு ஒரு தரப்பிடம் மட்டும் இருந்தால் சந்தை எவ்வாறு பாதிக்கப்படும் என்பதைப் பொருளியலாளர் சார்ச் அகெர்லொஃப் 1970 இல் பழைய மகிழுந்துகளைக் கொண்டு விளக்கினார். அங்கு அறிந்தவர் விற்பவர். அடகுக் கடையில் பெரும்பாலும் நிலை தலைகீழ்: மறைந்த தந்தையின் நாணயப் பெட்டியைக் கொண்டுவரும் மகளைவிட, அதை வாங்குபவரே அதிகம் அறிந்திருப்பார். விற்றுவிட்டால் பெட்டியை மீண்டும் பெற உரிமை இல்லை. அடகு வைத்தால் தவணை முடியும் வரை உரிமை உண்டு. விலை தெரியாத பொருளைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முக்கியமானது. பிறர் கேட்கும் விலையை விட்டு உண்மையில் விற்ற விலைகளைப் பார்ப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் விசாரிப்பதும், பொருளுடன் வந்த கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் விற்பவரின் இழப்பைக் குறைக்கும்.

ஊடகங்களில்

லாஸ் வேகாசு நகரில் உள்ள ‘கோல்ட் அண்ட் சில்வர்’ அடகுக் கடையை மையமாகக் கொண்ட ‘பான் ஸ்டார்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2009 சூலை 19 அன்று ஹிஸ்டரி அலைவரிசையில் தொடங்கியது. ரிச்சர்டு ஹாரிசனும் (இறப்பு: 2018) அவர் மகன் ரிக் ஹாரிசனும் இதன்வழி புகழ்பெற்றனர். அரும்பொருட்களும் வல்லுநர்களும் நிறைந்த இத்தொடர் இவ்வகைப் பேரத்தை உலகறியச் செய்தது. எனினும் வழக்கமான அடகுக் கடைகளுக்கு வருபவற்றில் நகைகள், மின்னணுக் கருவிகள், தொழிற்கருவிகள், இசைக்கருவிகள் ஆகியவையே மிகுதி.

இவற்றையும் பார்க்கவும்

அடகு
நாணயவியல்
ஏலம்