எல்லாம் எழுதப்படும் இடத்தில் இரகசியம்: ஊவா பொலிஸாரின் உளநலமும் சக உத்தியோகத்தர் துணையும்

2021 டிசம்பர் 24 இரவு அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் தம்முடன் கடமையாற்றியவர்கள் மீதே சுட்டார். நால்வர் இறந்தனர், பொறுப்பதிகாரி உட்படச் சிலர் காயமடைந்தனர். பொலிஸ் வாகனத்திலேயே புறப்பட்டுச் சென்ற அவர், மாகாண எல்லை தாண்டி மொனராகலை மாவட்டத்து எத்திமலை பொலிஸ் நிலையத்தில் துப்பாக்கிகளோடு சரணடைந்தார். கேட்ட லீவு மறுக்கப்பட்டதே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. லீவு மறுக்கப்பட்ட எல்லோரும் கொலை செய்வதில்லை என்பதால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. குற்றப் பொறுப்பைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. உளநலச் சேவையைத் திட்டமிடுகிறவர் கேட்க வேண்டியது வேறொன்று: அந்த இரவுக்கு முந்திய வாரங்களில், தம் தரத்துக்கோ வேலைக்கோ பங்கம் வராமல் அவர் வாய் திறந்து பேசக்கூடிய ஓர் ஆள், ஓர் இடம், ஒரு மணி நேரம் அந்த அமைப்புக்குள் இருந்ததா?

இலங்கைப் பொலிஸில் உளநலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'உளவளத்துணையாளரை நியமிப்போம்' என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. உளவளத்துணையாளர் எவ்வளவு நல்லவராயினும், பொலிஸ் நிலையத்தின் பதிவேடும் அதிகாரச் சங்கிலியும் சான்றுச் சட்டமும் அவர் தரும் வாக்குறுதியைக் காக்க இடம் தராவிட்டால் அங்கே இரகசியம் இல்லை. பதுளை மாவட்டத்திலும் ஊவாவின் தோட்டப் பகுதிகளிலும் இதற்கு மேல் மொழியும் குறுக்கே நிற்கிறது. இக்கட்டுரை அந்தத் தடைகளைப் பற்றியது.

முதலில் பதிவேடு. பொலிஸ் நிலையம் புத்தகங்களால் இயங்கும் இடம். முறைப்பாடு, கைது, சாட்சிப்பொருள், ஆயுதம் எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. உத்தியோகத்தர் கடமை நிமித்தம் நிலையத்தை விட்டு வெளியேறினால் எங்கே, எதற்கு என்று எழுதிவிட்டுப் போகிறார். திரும்பியதும் மீண்டும் எழுதுகிறார். கைதியைப் பாதுகாக்கும் முறையும் அதுவே, உத்தியோகத்தரின் பொய்யைப் பிடிக்கும் முறையும் அதுவே. ஆகவே அதைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் லுணுகலையிலோ மடூல்சீமையிலோ இருக்கும் ஒரு கான்ஸ்டபிள் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்குக்குப் போகவேண்டுமானால் லீவு விண்ணப்பத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும். உண்மையை எழுதினால் மாலைக்குள் நிலையம் முழுக்கத் தெரியும். பொய்யை எழுதினால் ஒழுக்காற்றுக் குற்றம். அதையும் தாண்டி வந்து கிளினிக் வாங்கில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் போன மாதம் அவரிடம் வாக்குமூலம் கொடுத்தவராக இருக்கலாம். சாரம் கட்டிக்கொண்டு வந்தாலும் பொலிஸ்காரரைச் சின்ன ஊரில் எவரும் அடையாளம் காண்பர். 1926 என்ற தேசிய உளநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கிறது. மருந்தும் தொடர் சிகிச்சையும் வேண்டியவருக்கு அந்தப் பாதி போதாது.

அந்தக் கான்ஸ்டபிள் சுமப்பது என்ன? பொலிஸ் உளநலம் பற்றிய மேலைத்தேய ஆய்வுகள் பல துப்பாக்கிச் சூட்டையும் துரத்தலையும் மையமாக வைத்து எழுதப்பட்டவை. ஊவாவில் சுமை வேறு இடங்களிலிருந்து வருகிறது. மலைப்பாதை ஒன்று. 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் பேருந்து பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தனர். மண்சரிவு இன்னொன்று: 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டமே மிக மோசமாகச் சரிந்த மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. இவ்விடங்களில் பொலிஸாரின் பங்கு மீட்போடு முடிவதில்லை. உடலைத் தூக்கிய பிறகும் அடையாளம் காட்ட உறவினரை அழைத்து வருவது, திடீர் மரண விசாரணைக்கு ஒழுங்கு செய்வது, காணாமற்போனவரின் பெயரை மாதக்கணக்கில் கோப்பில் வைத்திருப்பது எல்லாம் அவர்களிடமே விழுகின்றன.

இவை செய்தியாகும் மரணங்கள். செய்தியாகாதவை தோட்டங்களில் நடக்கின்றன. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்று இலங்கையுடையது: லட்சத்துக்கு ஏறத்தாழ 47. கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததால் அது பெரிதும் இறங்கியது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்பதும் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு மரணத்துக்கும் லயத்து வாசலுக்குப் போகிறவர் இன்றும் பொலிஸ்காரரே.

அங்கே போகிறவர் யார் என்பதில்தான் மொழி வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இந்தியத் தமிழராகப் பதியப்பட்டனர். மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கு உரியவையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுள்ளன. பொலிஸிலோ தமிழ் பேசுவோர் மிகச் சிலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அரச உத்தியோகத்தின் கதவு அன்றே அடைபட்டது. எஞ்சியிருந்த நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. ஒரு தலைமுறைக்கும் மேலாக விண்ணப்பிக்கவே முடியாதிருந்த சமூகத்திலிருந்து சார்ஜன்ட்மார் திடீரென்று முளைக்கமாட்டார்கள்.

இதன் விளைவைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. மகன் மருந்து குடித்து இறந்தான் என்று ஒரு தாய் வருகிறார். அவர் சொல்வதைத் தமிழில் கேட்பவர் அந்தக் கான்ஸ்டபிள். அதைச் சிங்களத்தில் எழுதுபவரும் அவர். எழுதியதை மீண்டும் தமிழில் வாசித்துக்காட்டி, "இது சரிதானே அம்மா" என்று கேட்டுப் பெருவிரல் அடையாளமோ கையொப்பமோ வாங்குபவரும் அவர். ஒரே துயரம் அவர் காதாலும் கையாலும் வாயாலும் மூன்று முறை கடக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன பெண்ணைப் பற்றிய தகவலின்மை என்று தமிழில் வரும் எல்லாமே அவரைத் தேடி வரும். சிங்களச் சகாக்களிடையே பங்கிடப்படும் சுமை இவரிடம் குவிகிறது. பொலிஸ் நெருக்கீடு பற்றிய எழுத்துகளில் மொழிபெயர்க்கும் உத்தியோகத்தருக்குத் தனி இடம் கொடுத்தவற்றை நான் அதிகம் பார்த்ததில்லை. ஊவாவில் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

சக உத்தியோகத்தரே துணையாக இருக்கட்டும் என்றால், இவருக்குச் 'சகா' யார்? பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர் நல்ல நண்பராக இருக்கலாம். ஆனால் அழுகைக்கு மொழி வேண்டும். தம் ஊர் லயத்துக்குப் போனாலோ அங்கே அவர் பொலிஸ்காரர். 1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸாரும் தொழிலாளரும் மோதிய காலத்திலிருந்தே தோட்டத்து நினைவில் பொலிஸ் என்பது துரையின் பக்கம் நிற்பது. இங்கே ஒரு முரண் உண்டு. தோட்டத் தொழிலாளிக்குக் கொழுந்து நிறுவையில் தகராறு என்றாலும் தலைவர் இருக்கிறார், தலைவருக்கு மேல் மாவட்டப் பிரதிநிதி, அதற்கு மேல் சங்கம். வேலைநிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்படும் கான்ஸ்டபிளுக்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையே சட்டத்தில் இல்லை. அவர் குறையைக் கேட்பவரும் அவருக்குத் தண்டனை கொடுப்பவரும் பெரும்பாலும் ஒரே பொறுப்பதிகாரி. ஆகவே சக உத்தியோகத்தர் துணை என்பது தொழிற்சங்கம் இல்லாத தொழிலில் அதன் இடத்தின் ஒரு சிறு பங்கையும் நிரப்ப நேரும். அதிகாரிகள் இதை விரும்பமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிடவேண்டும்.

வெளியுலக அனுபவம் சில இடங்களில் தெளிவாகப் பேசுகிறது. நியூயோர்க் நகரப் பொலிஸில் 1990களின் நடுவில் தற்கொலைகள் தொடர்ந்தபோது, 1996இல் திணைக்களத்துக்கு வெளியே தனி அமைப்பாகச் சக உத்தியோகத்தர் துணை தொடங்கப்பட்டது. உள்ளே இருந்தால் எவரும் வரமாட்டார்கள் என்று அறிந்தே அப்படிச் செய்தார்கள். மொன்றியல் நகரப் பொலிஸ் 1997இல் தொடங்கிய திட்டத்தில் எல்லா உத்தியோகத்தருக்கும் பயிற்சி, மேலதிகாரிகளுக்கும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் தனிப் பயிற்சி, பொலிஸாரே பதிலளிக்கும் தொலைபேசிச் சேவை என்பன இருந்தன. 12 ஆண்டுகளில் அங்கே தற்கொலை வீதம் 79 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் மிஷாராவும் மார்ட்டினும் 2012இல் எழுதினர். கியூபெக்கின் ஏனைய பொலிஸ் படைகளில் அந்தக் குறைவு இல்லை. ஒரு நகரத்தின் சிறிய எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவெடுக்கக் கூடாதுதான். மறுபுறம், விபத்து முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச்சொல்லும் ஒற்றை அமர்வு மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வு 2002இலேயே காட்டிவிட்டது. எல்லவில் கயிற்றில் இறங்கியவரை மறுநாள் காலை மண்டபத்தில் உட்காரவைத்து "மனதில் உள்ளதைக் கொட்டுங்கள்" என்று சொல்லும் நிகழ்ச்சிகளை ஆகவே தவிர்ப்பது நல்லது. படம் எடுக்க வசதியான நிகழ்ச்சிகள் அவை. அதற்கு மேல் அவற்றால் பயனில்லை.

தமிழ்நாட்டுப் பொலிஸ் பெங்களூரு உளநல நிறுவனமான நிம்ஹான்ஸுடன் சேர்ந்து நடத்திய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது: பயிற்றுநரைப் படைக்குள்ளிருந்தே எடுத்தார்கள். எனினும் 2021இல் காவலருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று அரசு தனியே ஆணையிட வேண்டியிருந்தது. ஓய்வில்லாத ஆளுக்குப் பயிற்சி ஒரு கூடுதல் டியூட்டி, அவ்வளவே.

இனி, கடினமான பகுதியான சட்டம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் வாழ்க்கைத் துணைவரிடையே நடந்த பேச்சையும் சட்டத்தரணியிடம் சொன்னதையும் காக்கிறது. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று பொலிஸ் உத்தியோகத்தரைக் கட்டாயப்படுத்திக் கேட்கவும் முடியாது. வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ சொன்னதற்கு அங்கே அப்படியொரு காப்பு இல்லை. தகவல் கொடுப்பவரின் இரகசியத்தைக் காக்க உரிமை பெற்ற கான்ஸ்டபிளுக்குத் தம் இரகசியத்தைக் காக்க வழியில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ஜஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் இந்த இடைவெளியை அடைத்தது. ஒருவரைச் சுட்டுக்கொன்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதன்பின் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரிடம் பேசியவற்றை வெளிப்படுத்தக் கட்டாயப்படுத்த முடியாது என்று அது தீர்த்தது.

நமது சான்றுச் சட்டத்தில் எதிர்பாராத ஒரு வாசலும் உண்டு. 25ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. கைதிகளைக் காக்க வந்த பிரிவு இது. சொற்படி வாசித்தால், ஒரு கான்ஸ்டபிள் சக கான்ஸ்டபிளிடம் மனம் திறந்து சொன்ன ஒப்புதலுக்கும் அது பொருந்தும். ஆனால் குற்ற ஒப்புதல் அல்லாத கூற்றுக்கு அது பொருந்தாது. ஒழுக்காற்று விசாரணை, இடமாற்றம், பதவி உயர்வு ஆகியவற்றில் அது எவரையும் காக்காது. பொலிஸ்காரர் அஞ்சுவதோ பெரும்பாலும் நீதிமன்றத்தைவிட இடமாற்றக் கடிதத்தைத்தான்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் முழு இரகசியம் கேட்கலாமா? ஊவாவில் இருந்துகொண்டு அதைக் கேட்க என்னால் முடியாது. 2000 அக்டோபர் 25 காலை பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் ஒரு கும்பல் புகுந்து 27 தமிழ்க் கைதிகளைக் கொன்றது. பல பத்துப் பொலிஸார் அங்கே காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்தனர், கொலைகள் தடுக்கப்படவில்லை. 2003இல் இரு பொலிஸ் உத்தியோகத்தர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் அனைவரும் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அன்று அங்கு நின்ற எளிய கான்ஸ்டபிள் ஒருவர் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார் என்பது உளநலக் கேள்வி. அவர் கண்டது என்ன என்பது நீதியின் கேள்வி. முதலாவதற்கு விடை தேடும் ஏற்பாடு இரண்டாவதைப் புதைக்கும் குழியாகிவிடக் கூடாது. "பொலிஸாருக்கு ஏன் இவ்வளவு கரிசனை, அடிவாங்கியவர்களுக்கு யார்?" என்று தோட்டத்தில் எவராவது கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஆகவே எல்லையை இப்படி வகுக்கலாம். தூக்கமின்மை, குடி, பயம், வீட்டுச் சண்டை, சிகிச்சை, மருந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் எதுவும் சக உத்தியோகத்தராகிய துணையாளரிடமிருந்து பொறுப்பதிகாரிக்குப் போகக்கூடாது. அவை பற்றி எழுத்தில் குறிப்பே இருக்கக்கூடாது. உயிராபத்து உடனடியாக இருந்தால் வைத்தியருக்கு மட்டும், தேவையான அளவே சொல்லப்படும். காவலில் உள்ளவரைத் துன்புறுத்தியது, பிள்ளைக்கு இழைத்த கொடுமை, கொலை ஆகியவற்றில் துணையாளர் இரகசியத்துக்கு வாக்குத் தரமாட்டார். இதை அவர் பேச்சின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஒருவர் பாதிக் கதை சொன்ன பிறகல்ல. சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கும் நாட்டில் இதற்குக் குறைவாக ஏற்பதற்கில்லை. ஜஃபி வழக்கின் அளவு காப்பைச் சட்டத் திருத்தத்தின் மூலம் வைத்தியருக்கும் உளவளத்துணையாளருக்கும் கொடுக்கலாம். சீருடை அணிந்த சகாவுக்குக் கொடுப்பதை நான் எதிர்ப்பேன்.

இனி நடைமுறை. துணையாளர்களைப் பதுளை, பண்டாரவளை, மொனராகலைப் பொலிஸ் பிரிவுகள் தம்முள் மாற்றிக்கொள்ள வேண்டும். பசறை ஆளுக்குப் பசறை நிலையத்துத் துணையாளர் வேண்டாம். வெலிமடையிலிருந்து ஒருவர் போனில் பேசட்டும். தமிழ் உத்தியோகத்தரின் எண்ணிக்கை ஒரு மாவட்டத்துக்குள் போதாதென்பதால் நுவரெலியாவையும் மட்டக்களப்பையும் சேர்த்து ஒரு தமிழ்க் குழு அமைக்கலாம். பயிற்சியை யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே ஆசிரியரையும் கிராமத்தவரையும் துணையாளராக்கிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரின் மரபிலிருந்து எடுக்கலாம். ஆயுதத்தைப் பொறுத்தமட்டில், பூச்சிகொல்லித் தடை கற்பித்தது போலவே கருவியைத் தள்ளிவைப்பது உயிர் காக்கும். ஆனால் ஒருவரிடமிருந்து மட்டும் துப்பாக்கியைப் பிடுங்கினால் மற்றவர்கள் ஒளித்துக்கொள்வார்கள். எல்லோரையும் முறைவைத்து ஆண்டுக்குச் சில வாரங்கள் ஆயுதமில்லாக் கடமைக்கு மாற்றினால், தேவைப்பட்டவர் அந்த முறைக்குள் சத்தமில்லாமல் முன்னே போகலாம்.

லீவுக்கு வருவோம். துணையாளர் எழுதும் ஒற்றைவரிச் சீட்டில் இரண்டு நாள் லீவு கிடைக்க வேண்டும். காரணம் கேட்கப்படக்கூடாது; பதிவில் 'தனிப்பட்ட அலுவல்' என்பது போதும். மறுக்க விரும்பும் பொறுப்பதிகாரி தம் காரணத்தை எழுத்தில் பிரதிப் பொலிஸ்மா அதிபருக்கு அனுப்பட்டும்.