ஹஜ்ஜுப் பெருநாள்: இறைச்சிக்கும் வயிற்றுக்கும் மூன்று பங்கு

துல்ஹஜ் பிறை 10 முதல் 13 வரை நமக்கு நோன்பு கூடாது. உண்டு பருகி அல்லாஹ்வை நினைவுகூரும் நாட்கள் அவை. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் மூன்று வேளையும் பிரியாணி, குழம்பு, வறுவல் என்றால், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்கள் என்ன செய்வார்கள்?

மனிதனுக்குச் சில கவளங்களே போதும். மேலும் உண்பதானால் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என நபி (ஸல்) அவர்கள் அளவு சொன்னது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. குர்பானி இறைச்சியையும் நமக்கு, உறவினருக்கு, ஏழைகளுக்கு என மூன்றாகப் பிரிப்பது சிறந்தது. கொடுக்க வேண்டியதை அன்றே கொடுத்துவிட்டால் ஃபிரிட்ஜ் நிறையாது. வாரக்கணக்கில் இறைச்சியே சமைக்கும் நிலையும் வராது.

கொழுப்பை நீக்கிச் சமையுங்கள். ஒரு வேளை இறைச்சி, மறுவேளை கேழ்வரகுக் கூழும் மோரும் போதும். பெருநாள்தானே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.