மெட்டும் பெட்டியும்

இசையில் நாட்டமுடையோர் யாவரும் அறிந்த துன்பம் ஒன்று உண்டு. விடியற்காலையிலோ, வழி நடக்கும்போதோ, புதிய மெட்டு ஒன்று நெஞ்சில் தானே வந்து நிற்கும். வீடு சென்று பாடிப் பார்ப்போம் என்று எண்ணுவோம். வீடு சேர்வதற்குள் அதில் பாதி பழைய பாட்டொன்றோடு கலந்துவிடும், மறுபாதி மறைந்தேவிடும். சொல்லை எழுதி வைக்கலாம். மெட்டை எங்ஙனம் வைப்பது? இவ்வினாவுக்கு மக்கள் கண்ட விடைகளின் வரலாற்றை இங்கே சிறிது காண்போம். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் நம் வீட்டில் இழந்துபோன பாட்டு ஒன்றே நம்மை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதல் விடை எழுத்துதான். சென்னை அரசுச் செயலகத்தில் அலுவல் பார்த்த சின்னசாமி முதலியார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கருநாடக இசை உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி அச்சிட முற்பட்டார். அவருடைய தூண்டுதலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும், சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கமகங்களைக் காட்டுதற்கென்றே அதில் தனிக் குறிகளை வகுத்தார். அரிய தொண்டு இது. ஆயினும் சுரம் அறிந்தோர்க்கே இவ்வழி பயன்படும். தொட்டிலருகே பாடும் தாய்க்கு இது உதவாது.

இரண்டாம் விடையை 1877இல் அமெரிக்காவில் எடிசன் கண்டார். அவருடைய போனோகிராப் குரலை ஒரு சுழலும் உருளையின்மேல் கீறி, அக்கீறலிலிருந்தே மீண்டும் ஒலிக்கச் செய்தது. முதலில் ஈயத்தகடு சுற்றிய உருளை. பின்னர் மெழுகு உருளை. இக்கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக் 1906 முதல் சிற்றூர்களுக்குச் சென்று உழவர் பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தம் இசைக்கு உரம் ஆக்கினார். பாக்ஸ் ஸ்டிராங்வேஸ் என்னும் ஆங்கிலேயர் 1910-11இல் இதே வகைக் கருவியோடு இந்தியாவைச் சுற்றி வந்து, 1914இல் இந்திய இசை பற்றி நூல் வெளியிட்டார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். மெழுகு உருளைக் கருவி கேட்கவும் செய்தது, பதிவும் செய்தது. 1887இல் பெர்லினர் படைத்த கிராமபோனின் தட்டோ மலிவாகப் பல படிகள் அச்சிட ஏற்றது. ஆனால் அதை வாங்கியவர் கேட்கலாமேயன்றிப் பதிவு செய்தல் இயலாது. 1902இல் கிராமபோன் நிறுவனத்தார் கல்கத்தா வந்து இந்தியப் பாடகர்களின் குரல்களைப் பதிவு செய்தனர். எவர் குரலை நிலைநிறுத்துவது என்பதை இனிக் கம்பெனியும் சந்தையும் முடிவு செய்தன. புகழ் பெற்றோர் குரல் நின்றது. ஏனையோர் குரல் காற்றோடு சென்றது.

அவ்வுரிமையை வீடுகளுக்கு மீட்டுத் தந்தது காந்தப் பதிவு. 1898இல் டென்மார்க்கு நாட்டுப் பௌல்சன் எஃகுக் கம்பியில் குரலைப் பதித்துக் காட்டினார். 1935இல் பெர்லின் கண்காட்சியில் ஒலிநாடாக் கருவி வெளிவந்தது. எனினும் அது கனத்தது, விலையும் மிகுந்தது, வானொலி நிலையங்களுக்கே ஏற்றது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் உள்ளங்கை அளவான காசெட்டையும், மின்கலங்களால் இயங்கும் சிறு கருவியையும் அதே பெர்லினில் வெளியிட்டனர். பிற நிறுவனங்களும் அதே அளவில் காசெட்டு செய்துகொள்ள இசைவு அளித்தனர். விலை இறங்கியது. ஒலியின் தரத்தில் பெரிய நாடாவுக்கு ஈடாகாத அச்சிறு பெட்டியே உலகத்தை வென்றது. கைக்கு எட்டும் தொலைவில் இருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம்.

இவ்வரலாற்றை இனி நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். 1880க்குப் பின் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய தங்கச் சுரங்கங்களுக்கு வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் திரளாக வந்து குடியேறினர். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1965இல் அதன் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் அமைத்த கருவிகள் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் விளைவைப் பதிவு செய்தன. இவ்வூரிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காத்தது. ஆக, எளிதில் அகப்படாத துகளுக்கும் இவ்வூரில் பதிவுக் கருவி இருந்தது. சொல்லுக்கும் அச்சகம் இருந்தது. லைன் வீடுகளில் பாடிய பெண்களின் மெட்டுக்கு மட்டும் நெடுங்காலம் ஒன்றும் இல்லை.

வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பியோர் டேப் ரெக்கார்டரைக் கொணர்ந்த காலத்தில் நம் வீட்டுக்கும் ஒன்று வந்தது. பாட்டனார் இரவு ஷிப்டுக்குச் சென்றிருக்கையில், காலைச் சங்கு ஊதும்வரை உறக்கமின்றிப் பாட்டியார் தாமே கட்டிப் பாடிய தாலாட்டு ஒன்று உண்டு. தந்தையார் அதனைப் பதிவு செய்து வைத்தார். சிறுவராயிருந்த நாம் சில திங்களில் அதே நாடாவின்மேல் வானொலித் திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டோம். காசெட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை ஒடித்துவிட்டால் மேலே பதிய இயலாது. அதனை நாம் அறிந்தது பிற்காலத்தில். பாட்டியார் மறைந்தார். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமும் மூடப்பட்டது. தாலாட்டின் சொற்கள் சில நினைவில் உள. மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலின், அவற்றை வேற்றுமொழியிலும் சொல்லிவிடலாம். மெட்டை எம்மொழியிலும் சொல்ல வழியில்லை.

ஆதலின் இன்று கருவி தெரிந்தெடுப்போர்க்குச் சில சொல்வோம். பழைய காசெட்டுக் கருவி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குதல் நன்றன்று. அதன் ரப்பர்ப் பட்டை தளர்ந்திருந்தால் நாடாவின் வேகம் மாறும், வேகம் மாறினால் சுருதியும் மாறும். கையிலுள்ள கைப்பேசியே பெரும்பாலோர்க்குப் போதும். பறை, நாகசுரம் போன்ற உரத்த ஒலிகளை அடிக்கடி பதிவோர் மட்டும் தனியாக ஒரு சிறு டிஜிட்டல் கருவி வாங்கலாம். அதில் நான்கு பண்புகளைப் பார்க்க வேண்டும். ஒரே பொத்தானில் பதிவு தொடங்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் மின்கலம் பொருந்த வேண்டும். ஒலியளவைக் கையால் குறைக்கவும் கூட்டவும் வசதி வேண்டும். தானே அளவை மாற்றும் கருவி பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இரைச்சலை உயர்த்திவிடும். பதிந்ததைக் கணினிக்கு எளிதில் மாற்ற இயல வேண்டும்.

கருவி சிறிதாயினும் பழக்கம் செம்மையாயின் பதிவும் செம்மையாகும். மடித்த துணியின்மேல் கருவியை வைத்து, ஏறத்தாழ ஒரு முழத் தொலைவில் பாடுக. முதலில் நாள், ஊர், பாடுபவர் பெயர், சுருதி ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுக. அன்றே மற்றோரிடத்தில் ஒரு படி எடுத்து வைக்க. பழைய பதிவின்மேல் புதியதைப் பதியாதிருக்க.

சிறந்த கருவி வரட்டும் என்று காத்திருத்தலே இத்துறையில் பெரும் இழப்புக்குக் காரணம். கருவி இன்னும் நல்லதாகலாம். பாடும் குரல் அதுவரை காத்திராது. நேயர்களில் எவர் வீட்டிலேனும் முதியவர் ஒருவர் அடுக்களையில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாராயின், அவரை இன்று மாலையே அமர்த்தி, மீண்டும் ஒருமுறை பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்க.